மதுரையில் இரண்டு நாள், அத்தையோடு

மதுரைக்குப் போவதென்றால் நம்மில் பலருக்கு ஒரே வேலைதான். பஸ்ஸை விட்டு இறங்குவது, மீனாட்சியைக் கும்பிடுவது, தாழம்பூ குங்குமப் பொட்டலத்தை வாங்கிப் பையில் போடுவது, அடுத்த பஸ்ஸைப் பிடித்து ராமேஸ்வரத்துக்கோ கொடைக்கானலுக்கோ ஓடுவது. கல்யாணமாகி வந்த இருபத்து மூன்று வருஷத்தில் நானும் நாலு தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை கூட அந்த ஊரில் ராத்தங்கியதில்லை. இந்த ஆனி மாசம்தான் முதல் முறையாக சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழுசாக அங்கேயே இருந்து பார்த்துவிட்டு வந்தேன். கூட வந்தது என் மாமியார் மட்டும்.

மாமியாரும் மருமகளுமா, அதுவும் இரண்டு நாளா என்று சிரிக்காதீர்கள். என் அத்தை மதுரையில் பிறந்தவர். சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் வளர்ந்து, பத்தொன்பது வயதில் ஈரோட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். இப்போது எழுபத்து நாலு. போன வருஷம் மாமா தவறிப் போனதிலிருந்து வாசற்படி தாண்டவில்லை. வருஷத் திதி முடிந்த மறுநாள், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒருக்கா மதுரைக்குப் போயி அவளப் பாத்துட்டு வந்துரலாமாத்தா?" என்று கேட்டார். 'அவள்' என்றால் மீனாட்சி. மதுரைக்காரர்கள் அம்மனைப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போலத்தான் சொல்வார்கள். என் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை, பிள்ளைகளுக்குப் பரீட்சை. சரி, நாமே போவோம் என்று கிளம்பிவிட்டோம்.

ஈரோடு, கோயமுத்தூர்ப் பக்கத்து பஸ்ஸெல்லாம் ஆரப்பாளையம் நிலையத்தில் கொண்டு போய் விடுகிறது. சென்னை, திருச்சி, தஞ்சாவூர்க்காரர்கள் மாட்டுத்தாவணியில் இறங்க வேண்டும். இரண்டுக்கும் நல்ல தூரம். மாற்றி இறங்கிவிட்டு ஆட்டோக்காரரோடு சண்டை போடாதீர்கள். தங்குவதற்கு ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி இரண்டிலும் வரிசையாக லாட்ஜுகள். கோயில் நடக்கிற தூரம். அறைக்குள் போய் உட்கார்ந்ததும் அத்தை சொன்ன முதல் வார்த்தை, "அண்ணன் வீடு இருந்த ஊர்ல லாட்ஜுல தங்க வேண்டியதாப் போச்சே" என்பதுதான். அந்த வீட்டை விற்று வருஷக்கணக்காகிவிட்டது. அண்ணன்மாரும் இல்லை, பிள்ளைகள் திசைக்கொருவராய்ப் போய்விட்டார்கள்.

மதுரை வீதிகளின் அமைப்பு தெரிந்துகொண்டால் வழி தப்பாது. நடுவிலே கோயில். மதிலுக்குள்ளே ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றும் நாலு பக்கமும் சுற்றி வரும், கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று. நான் அத்தையிடம், "சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில ஓடுது?" என்று கேட்டேன். அந்தக் காலத்தில் மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு சேர்த்துவிட்டார், பெயர் மட்டும் வீதியோடு நின்றுவிட்டது என்று சொல்வதுண்டாம். நாங்கள் தங்கிய வீதியின் பெயருக்கும் கதை இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து ஊரைப் பெரிசாக்கியபோது வேலை பார்த்த மேஸ்திரிதான் அந்தப் பெருமாள். கூடப் பணிபுரிந்த மாரட் துரையின் பெயரும் வீதிக்கு உண்டு. கலெக்டருக்கு விளக்குத்தூண். மேஸ்திரிக்கும் வீதி கிடைத்ததே, அந்த மட்டும் சந்தோஷம்!

சனிக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் கோயிலில் இருந்தோம். சீக்கிரம் போவதுதான் நல்லது. மத்தியானம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். செல்போன் உள்ளே கூடாது, வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். இது 2018-ல் கோயிலுக்குள் தீப்பிடித்து வீரவசந்தராயர் மண்டபம் சேதமான பிறகு வந்த ஏற்பாடு. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. போட்டோ எடுக்கிற தொல்லை இல்லாமல் கண்ணால் பார்க்க முடிந்தது. மூட்டு வலிக்காரர்கள் சக்கர நாற்காலி கேட்டால் கிடைக்கும். அத்தை வேண்டாம் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

மொத்தம் 14 கோபுரம். தெற்குக் கோபுரம்தான் எல்லாவற்றிலும் உசரம், 170 அடி இருக்கும். 1559-ல் கட்டியது. ஆனால் எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பதோடு சரி. உள்ளே இருக்கிற கல் சிற்பத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் போனால் சுவாமி சந்நிதிக்கு முன்னால் இருக்கும் கம்பத்தடி மண்டபத்தில் ஒரு அரைமணி நில்லுங்கள். மீனாட்சி கல்யாணச் சிலை அங்கேதான் இருக்கிறது. பெருமாள் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். மீனாட்சி தலையை லேசாகக் குனிந்திருக்கிறாள். மூன்று உலகத்தையும் ஜெயித்து வந்தவளாம், கல்யாண மேடையில் நம் வீட்டுப் பெண்ணைப் போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்த வெட்கத்தைக் கருங்கல்லில் எப்படித்தான் வடித்தார்களோ!

அங்கிருந்து உள்ளே வெள்ளியம்பலம். எல்லா ஊரிலும் நடராஜர் இடது காலைத் தூக்கி ஆடுவார். மதுரையில் மட்டும் வலது கால். ராஜசேகர பாண்டியன் என்ற ராஜா பரதநாட்டியம் கற்றுக்கொண்டானாம். ஆடிப் பார்த்தால் கால் அப்படி வலித்தது. 'நமக்கே இப்படி என்றால் ஓயாமல் ஒரே காலில் நிற்கிற சுவாமிக்கு எப்படி வலிக்கும்' என்று மனம் கேட்காமல், காலை மாற்றி ஆடும்படி வேண்டிக்கொண்டானாம், சுவாமியும் மாற்றிக்கொண்டாராம். அத்தை முட்டியைப் பிடித்தபடி இந்தக் கதையைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னமோ போலவும் இருந்தது. காலையில் நாலு மணி நேரம் அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு அந்த ராஜாவை ரொம்பப் பிடிக்கும்.

மதுரையில் முதலில் அம்மன், அப்புறம்தான் சுவாமி. சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் ஆகி நாலு மாசம் அவள் ஆட்சி. ஆவணியில் சுவாமிக்குப் பட்டம். வழியில் முக்குறுணிப் பிள்ளையாரைக் குழந்தைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள். வண்டியூர்த் தெப்பக்குளம் வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவராம். பிள்ளையார் சதுர்த்திக்கு 18 படி அரிசியில் அவருக்கு ஒரே கொழுக்கட்டை. நமக்கு இரண்டு ஆழாக்கு மாவு கிண்டுவதற்குள் கை வலிக்கிறது! ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் இருப்பது 985 தூண். 1569-ல் அரியநாத முதலியார் கட்டியது. எந்த மூலையில் நின்று பார்த்தாலும் தூண்கள் நேர்வரிசையாகத் தெரிகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று யாரும் கேள்வி கேட்காமல் நுழைகிற இந்தக் கோயிலுக்குள், தாழ்த்தப்பட்ட மக்கள் முதன்முதலில் காலெடுத்து வைத்தது 1939 ஜூலை 8-ம் தேதிதான். வைத்தியநாத ஐயர் அழைத்துப் போனார். கக்கன் உடன் போனவர்களில் ஒருவர். அத்தையின் அம்மா அப்போது சின்னப் பெண். அந்த நாளைப் பற்றி ஊரே பேசியதை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறாராம் அத்தை.

வெளியே வந்ததும் பசி. மதுரையில் இட்லி சாப்பிடாமல் வரக் கூடாது. வாழை இலையில் மல்லிகைப் பூ மாதிரி இட்லி, நாலு விதச் சட்னி, சாம்பார். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். கோயிலைச் சுற்றி எந்தக் கடையில் கூட்டம் நிற்கிறதோ, அங்கே போங்கள். கறி தோசை, பன் பரோட்டா என்று அசைவக்காரர்கள் கொண்டாடுகிற சமாசாரமெல்லாம் சிம்மக்கல் பக்கம் இருக்கிறது. கோயிலுக்கு வந்த இடம் என்று நாங்கள் அதைத் தொடவில்லை.

மத்தியானம் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் திருமலை நாயக்கர் மகால். 1636-ல் கட்டிய அரண்மனையில் இப்போது நாம் பார்ப்பது சுமார் நாலில் ஒரு பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போய்விட்டார். மிச்சத்தை 1860-களில் கவர்னர் நேப்பியர் பழுது பார்த்திருக்கிறார். ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பூசிய வழவழப்பு என்று சொல்கிறார்கள். அத்தைக்கு அது அரண்மனையே இல்லை, கோர்ட்டு! 1970 வரை அங்கே கோர்ட்டு நடந்தது. "எங்கப்பா ஒரு காணி நிலத்துக்கு இங்கிட்டுதான் அலைஞ்சாரு. நான் தூணச் சுத்தி ஓடிக்கிட்டே இருப்பேன். வக்கீலு வைவாரு" என்றார். வழக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். "தோத்துப்போச்சு" என்றார் சிரித்துக்கொண்டே.

பக்கத்தில் விளக்குத்தூண் முனையில் ஜிகர்தண்டா. பெயர் இந்துஸ்தானி, நெஞ்சுக்குக் குளிர்ச்சி என்று அர்த்தம். ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம். பாதாம் பிசின் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். நாலே துண்டை ராத்திரி தண்ணீரில் போட்டால் காலையில் கிண்ணம் நிறைந்துவிடும். வீட்டிலேயே சர்க்கரையைக் குறைத்துச் செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. ஒரு டம்ளர் வாங்கி, கால்வாசி அவருக்கு, மிச்சம் எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டோம். அந்தக் கால்வாசியையே பத்து நிமிஷம் குடித்தார்.

சாயங்காலம் கீழச் சித்திரை வீதிக்கு வந்தபோது பூக்காரம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். மதுரை மல்லியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. இதழ் தடிமன், காம்பு நீளம், அதனால் கட்டுவதற்கும் எளிது, வாடவும் நாளாகும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துச் செம்மண்ணில் விளைகிறது. நாற்று மட்டும் ராமேஸ்வரம் போகிற வழியில் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறதாம். தை மாசத்தில் தங்க விலை விற்கிற பூ, ஆனியில் கொஞ்சம் கைக்கு எட்டும்.

ஒரு பூக்காரம்மா, "வாங்கம்மா, எத்தன மொழம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அத்தையின் நெற்றியில் திருநீறு மட்டும் இருந்ததைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பவே இல்லை. அத்தையும் இரண்டு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். ஆனால் தள்ளி நின்றால் வாசனை வராமல் போகுமா? கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். சின்ன வயதில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டிக் கொடுத்துக் காசு சேர்த்தவராம். கட்டுவது இன்றைக்கும் கைக்கு மறக்கவில்லை, எங்கள் வீட்டுக் கொடியில் பூத்தால் அவர்தான் கட்டுவார், நானும் என் மகளும்தான் வைத்துக்கொள்வோம். ஒரு வருஷமாக அது அப்படித்தான் நடக்கிறது. நான் ஒரு நாளும் அதை நின்று யோசித்ததில்லை. பூவோடு பிறந்த ஊரில் வைத்துத்தான் அது எனக்கு உறைத்தது.

நாலு முழம் வாங்கினேன். இரண்டு முழம் என் தலையில். இரண்டு முழத்தை வாழை இலையில் சுற்றி அத்தையின் கைப்பையில் வைத்தேன். "எனக்கு எதுக்குத்தா?" என்றார். "பையில இருக்கட்டும் அத்தை" என்றேன். எடுத்துக் கொடுக்கவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்குப் பள்ளியறைப் பூஜை பார்க்க மறுபடி கோயில். இதற்காகவே மதுரையில் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்று சொல்வேன். தினமும் நடை சாத்துவதற்கு முன் சுவாமியின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, விசிறி, மேளம், பாட்டோடு அம்மன் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கிறார்கள். கூட்டம் பகல் மாதிரி இல்லை. சாம்பிராணிப் புகை, நாதஸ்வரம், நடுநடுவே யாரோ ஒரு குழந்தை சிணுங்குகிற சத்தம். பல்லக்கு எங்கள் முன்னால் கடந்து போயிற்று. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அத்தை மட்டும் கைகூப்பியபடி பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெல்ல, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அவளுக்கு வாச்சிருக்கு. தெனம் ராத்திரி வந்துர்றாரு" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். அறைக்கு வந்து விளக்கை அணைத்த பிறகு இலை சரசரக்கும் சத்தம் கேட்டது. காலையில் பார்த்தேன், பூ அவர் தலையணையோரம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழடி. மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், ராமேஸ்வரம் போகிற சாலையில். ஜில்லா என்னவோ சிவகங்கை. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணும் ஓடும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மியூசியம் என்றால் ராஜாவின் வாளும் கிரீடமும் என்று நினைத்துப் போனால் ஏமாந்துதான் போவீர்கள். இங்கே இருப்பது வீட்டுச் சாமான்! உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாய்ச் சட்டி, பானை, மூடி. நூல் நூற்கிற தக்களி. யானைத் தந்தத்தில் சீப்பு. காதணி, கண்ணாடிப் பாசி, சிவப்புக் கல்மணி, துளித் துளியாய்த் தங்கம். பகடைக்காய். உறைகிணறு. பாண்டி ஆடுகிற வட்டச் சில்லு மட்டும் எக்கச்சக்கமாகக் கிடைத்திருக்கிறது. அதன் ஓரத்தை நம் பிள்ளைகள் ஓட்டுத் துண்டைத் தேய்ப்பது போலவே தேய்த்து உருட்டியிருக்கிறார்கள். இங்கே தோண்டி எடுத்தவற்றில் பழசு கிறிஸ்து பிறப்பதற்கு முன் ஆறாம் நூற்றாண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்றைக்கு 2,600 வருஷம்!

பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் அத்தை ரொம்ப நேரம் நின்றார். "நம்ம பாத்திரத்துல பேரு வெட்டுற மாதிரித்தான?" என்றார். ஆமாம், அதேதான். எங்கள் வீட்டு எவர்சில்வர் குடத்தில் இன்றைக்கும் மாமாவின் பெயர் வெட்டியிருக்கிறது.

காலில் தெம்பு இருக்கிறவர்கள் காலை வெயிலுக்கு முன் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போகலாம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய மகாவீரர், பார்சுவநாதர் சிற்பங்கள் பாறையில் இருக்கின்றன. செட்டிப்புடவு குகையில் சிங்கத்தின் மேல் ஏறி யானைக்காரனோடு சண்டை போடுகிற ஒரு இயக்கியும் உண்டு. படியேறுகிற விஷயம் என்பதால் நாங்கள் அடிவாரத்துத் தாமரைக் குளத்தோடு திரும்பினோம். காந்தி மியூசியமும் அப்படித்தான், வேகமாகப் பார்த்தோம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-ல் நேரு திறந்து வைத்தது. காந்தி கடைசி நாளில் உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அவர் சட்டையைத் துறந்து முழ வேட்டிக்கு மாறியதும் இதே மதுரையில்தான், 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதியில் ஒரு வீட்டில்.

மத்தியானம் சுங்குடிப் புடவை வாங்கப் போனோம். இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சுங்குடி என்று நாம் வாங்குவதில் பாதிக்கு மேல் சுங்குடியே இல்லை. குஜராத்துப் பக்கத்திலிருந்து வந்து நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைவேலை இது. வெள்ளைப் பருத்திப் புடவையில் புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். அப்படியே சாயத்தில் முக்கி எடுத்தால் முடிச்சுக்குள் சாயம் ஏறாது. காய வைத்து முடிச்சை அவிழ்த்தால் நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் புள்ளி. ஒரு புடவையில் ஆயிரக்கணக்கில் முடிச்சு. நெருக்கமான வேலை என்றால் இருபதாயிரம் வரை கூடப் போகுமாம். முடிச்சுப் போட மட்டும் பத்துப் பதினைந்து நாள். வீட்டு வேலைக்கு நடுவே பெண்கள்தான் போடுகிறார்கள். 2005-ல் இதற்கும் புவிசார் குறியீடு கொடுத்தாகிவிட்டது. ஆனால் மெழுகு அச்சிலும் ஸ்கிரீனிலும் புள்ளி வைத்த புடவையும் அதே பெயரில் பக்கத்திலேயே தொங்குகிறது, விலை ரொம்பக் குறைவு. எதை வாங்குவார்கள் ஜனங்கள்?

கண்டுபிடிப்பது எப்படி? அத்தை சொல்லிக் கொடுத்தார். கைமுடிச்சில் இரண்டு புள்ளி ஒன்றுபோல் இருக்காது. தடவினால் புள்ளி இருக்கிற இடத்தில் துணி லேசாக எழும்பிச் சுருங்கியிருக்கும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் ஒரே அழுத்தமான சாயம். அச்சுப் புள்ளி காசு மாதிரி சமமாக, தட்டையாக இருக்கும். நான் கடைக்காரர் காட்டிய ஏழெட்டுப் புடவையைக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன், மூன்றாவதிலேயே பிடிபட்டுவிட்டது.

கடையின் பின்கட்டில் அத்தை வயதுக்கு ஒரு அம்மா உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். இடதுகைச் சுண்டுவிரல் நகத்தை அதற்காகவே வளர்த்திருந்தார். பேசிக்கொண்டேயிருக்கிறார், விரல் நிற்கவில்லை. "எம் மகளுக்கும் தெரியும். ஆனா அவ ஜவுளிக்கடைக்கு பில்லு போடப் போறா. மாசமானா சம்பளம் கைக்கு வருது. இத எம்புட்டு நேரம் குனிஞ்சு போட்டாலும் அம்புட்டு வராதும்மா" என்றார். நியாயம்தானே! பாரம்பரியம், கலை என்று நாம் மேடையில் பேசலாம். கழுத்து வலி அவர்களுக்குத்தானே. அசல் சுங்குடிக்குக் கூடுதலாகக் கேட்கும் பணத்தை நாம் பேரம் பேசிக் குறைத்தால் யாருடைய கூலி குறையும் என்பதையும் பார்க்க வேண்டும். நான் பேரம் பேசுவதில் பெயர் எடுத்தவள். அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

கடைக்காரப் பையன் எனக்கு மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கருநீலம் என்று பிரித்துப் போட்டான். அத்தையின் முன்னால் மட்டும் சாம்பல், வெளிர் சந்தனம் என்று இரண்டு மூன்றை எடுத்து வைத்தான். அவன் மேல் தப்பில்லை, வருகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. அத்தை அவற்றைத் தொட்டுப் பார்த்து, ஓரமாக வைத்தார். பிறகு அலமாரியைக் காட்டி, "அந்த அரக்க எடு" என்றார். அரக்குச் சிவப்பு, வெள்ளைப் புள்ளி, மெல்லிய சரிகைக் கரை. மடியில் விரித்து வைத்துக்கொண்டார். பத்தொன்பது வயதில் கல்யாணத்துக்கு இவருடைய அப்பா எடுத்துக் கொடுத்தது இதே மாதிரிதானாம். கேஸ் தோற்ற வருஷமாம் அது.

"பேத்திக்கா பாட்டி?" என்று பையன் கேட்டான்.

"எனக்குத்தாம்ப்பா" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். நான் "பில்லு போடுங்க" என்றேன். ஊரில் நாத்தனார் என்ன சொல்வார், எதிர்வீட்டுப் பாட்டி என்ன சொல்வார் என்றெல்லாம் எனக்குள் ஓடாமல் இல்லை. மாமா உயிரோடு இருந்திருந்தால் அவரே இந்தக் கலரைத்தான் எடுத்திருப்பார். வேறு யாருக்கு இதில் என்ன?

சுங்குடியை முதல் இரண்டு மூன்று தடவை தனியாக, கல்லுப்புக் கரைத்த பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். அடித்துத் துவைக்க வேண்டாம்.

கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தை அத்தைக்குக் காட்டலாம் என்று போனால், அவருக்கு ஏமாற்றம். யாளித் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடும், அங்கேதான் இவர் பாவாடை தைத்துக்கொள்வாராம். சில வருஷத்துக்கு முன் கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்குக் கட்டிய மண்டபம். சிற்பத்துக்கு அதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "செல தனியா நின்னு என்னத்தப் பேசும்?" என்றார். சத்திரத்துக்கே போய் தையற்காரர் ஒருவரிடம் அரக்குப் புடவைக்கு ஓரம் அடித்து வாங்கிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் கையில் இருக்கிறவர்கள் அழகர்கோயில் போய், நெய்யில் வேகிற அந்தத் தடி தோசைப் பிரசாதத்தைச் சாப்பிடுங்கள். மிளகும் சுக்கும் மணக்கும். கொலு வைக்கிறவர்கள் விளாச்சேரிக்குப் போனால் மண்பொம்மை செய்கிற இடத்திலேயே வாங்கலாம்.

பஸ் ஏறுவதற்கு முன் மாலைச் சாப்பாடு தெருவிலேயே முடிந்தது. பச்சைப் பசேலென்று முள்ளு முருங்கை அடை, இட்லிப் பொடியோடு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இலையில் வைத்துத் தருகிற சுடச்சுட அல்வா எனக்கு மட்டும். அப்புறம் தள்ளுவண்டியில் பருத்திப்பால். இதை வீட்டில் செய்யலாம் என்று அத்தை சொல்லி, வந்த வாரமே செய்தும் பார்த்துவிட்டோம்.

கால் கிலோ பருத்திக்கொட்டையை நாட்டு மருந்துக் கடையிலோ பலசரக்குக் கடையிலோ, சாப்பாட்டுக்கென்று கேட்டு வாங்குங்கள். விதைப்புக்கு விற்கிற கொட்டையில் மருந்து கலந்திருக்கும், அது ஆகவே ஆகாது. நாலைந்து தண்ணீர் கழுவி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் அரைத்துப் பால் பிழிய வேண்டும். மூன்று தடவை பிழியலாம். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரண்டு கரண்டி பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து அதில் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். நன்றாகக் கொதித்துப் பச்சை வாசனை முழுக்கப் போக வேண்டும், அவசரப்படக் கூடாது. ஒன்றரை டம்ளர் கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேர்த்து, சுக்கு, ஏலம் தட்டிப் போட்டு, இறக்கும்போது ஒரு மூடித் தேங்காய்த் துருவல். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு எடுத்துவைத்த பிறகு மற்றவர்களுக்குக் கருப்பட்டி கலந்தால் போதும். ஆறு பேருக்குத் தாராளமாக வரும்.